ஹனிபாவின் குரலை வைத்து ஹெட்போன் தேர்வது எப்படி?

எங்கள் ஊர் கனமூலையில் ஹெட்போன் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காதுக்கு நன்றாகப் பழகிய ஒரு குரலோடு கடைக்குப் போங்கள். எங்கள் பக்கத்தில் அது பெரும்பாலும் பாடகர் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் (1925–2015) குரல்தான்.

'இறைவனிடம் கையேந்துங்கள்' பாட்டைப் போடுங்கள். அவர் மேலே ஏறும்போது குரல் கணீரென்று முன்னே வந்து நிற்க வேண்டும். அந்தக் கணீர், ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியின் வேலை. அங்கே ஒலி குறைந்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். கூடினால் காது கூசும். 'ஸ' ஒலி சீறினால் 6,000 ஹேர்ட்ஸுக்கு மேலே தூக்கல் என்று பொருள். தாளம் குரலை விழுங்கினால் அந்த ஹெட்போனே வேண்டாம். இரண்டை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடியது பெரும்பாலும் நல்லதாகவே கேட்கும்.

அடுத்தது, பலரும் கவனிக்காத மெத்தை. மெத்தைக்கும் தோலுக்கும் இடையில் ஓர் இடைவெளி விழுந்தாலும் மூடிய வகை ஹெட்போனில் பேஸ் ஒழுகிப் போய்விடும். கண்ணாடிக் காம்பு போதும், அந்த இடைவெளிக்கு. பர்தாத் துணிக்கு மேலே ஹெட்போன் மாட்டும் எங்கள் பெண்களுக்கு இது தினசரிச் சிக்கல். துணிக்குள்ளேயே காதில் பொருந்தும் இயர்போன்தான் அவர்களுக்குச் சரி. பெட்டியில் வரும் ரப்பர் முனைகளில் காதை இறுக்கமாக அடைப்பதைத் தேடி எடுங்கள். திறந்த வகை ஹெட்போனில் குரல் விசாலமாக விரியும். ஆனால் களப்புக் காற்றும் மின்விசிறியும் கூடவே கேட்கும். இரவில், அமைதியான அறைக்குத்தான் அது.

மிச்சக் குறையை ஈக்வலைசரில் சரிசெய்யலாம், செலவில்லை. கூட்டுவதைவிடக் குறைப்பது நல்லது. 2, 3 டெசிபல் போதும். பழைய ஒலிப்பதிவுகளில் மேல்சுருதியைத் தூக்கினால் இரைச்சல்தான் எழும்பும்.

ஆம்ப்ளிஃபயர் கடைசியில்தான். சென்ஹைசர் எச்டி 600 போன்ற 300 ஓம் ஹெட்போனுக்குப் பல போன்களின் வலு போதாது, அதற்குத் தேவை. சாதாரண 32 ஓம் வகைக்கு போனே பெரும்பாலும் போதும். ஆம்ப்ளிஃபயருக்கான காசை இன்னும் நல்ல ஹெட்போனில் போடுங்கள்.