கெடாத கம்ப்ரசர்

சங்கீதத்திலும் சமையலிலும் ரசனைக்கு இடமுண்டென்று ஒப்புக்கொள்ளும் நம்மவர்கள், நின்றுபோன ஏ.சி. யந்திரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து அதன் நோயை ஒரு மெக்கானிக் நிதானிக்கும் முறையிலும் ரசிப்பதற்குரிய விஷயம் இருக்கிறதென்று சொன்னால் சிரிக்கக்கூடும். ஆனால் திருவண்ணாமலையின் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தைச் சுற்றி எழும்பியிருக்கும் விடுதிகளின் மொட்டை மாடியில், சித்திரை மாதத்து நடுப்பகலில் அந்தக் காட்சியைக் கண்டவர்கள் சிரிக்கமாட்டார்கள். 1922-இல் ரமணரின் அன்னையின் சமாதியருகே ஓலைக் கொட்டகையாக ஆரம்பித்த ஆசிரமத்தின் அயலில் இன்று அறைக்கு அறை குளிர்யந்திரம் ஓடுவது சரியா என்ற தர்க்கத்தில் நான் இறங்கப் போவதில்லை. அக்னி க்ஷேத்திரமென்ற பெயருக்கேற்பப் பகலெல்லாம் வெயிலைக் குடித்த மலைப்பாறை அந்திக்குப் பிறகும் அனலைக் கக்கும் ஊர் இது. பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்த முதியவர் ஒருவர் அறைக்குள் நுழைந்ததும் சற்றுக் குளிர்ச்சியை நாடினால், அதில் குற்றம் காண நான் யார்?

கம்ப்ரசர் குளிரை உண்டாக்குவதில்லை. அறையின் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ஆவியாய்த் திரும்பும் கேஸை உறிஞ்சி, நெருக்கி, வெளிக்காற்றையும் மிஞ்சும்படி சூடேற்றி, அந்த உஷ்ணத்தை மாடியிலுள்ள காயிலில் உதறிவிடச் செய்வதே அதன் தொழில். ஆவிக்காகவே படைக்கப்பட்ட அதன் வாயில் திரவம் புகுந்துவிட்டால், அவல் மெல்லும் பல்லில் கூழாங்கல் அகப்பட்டாற்போல வால்வு உடைந்துபோகும். பலவற்றில் திரும்பிவரும் அந்தக் குளிர்ந்த ஆவியே மோட்டாரையும் தணிக்கிறதாகையால், கேஸ் குறைந்தால் அறை மட்டுமல்ல, கம்ப்ரசரும் தகிக்கத் தொடங்கும். இவ்வளவும் இரும்புக் கூட்டுக்குள் பற்றவைத்து மூடப்பட்டிருப்பதால், திறந்து பார்க்க வழியில்லை. வெளி லக்ஷணங்களைக் கொண்டே உள்ளே நடப்பதை அனுமானிக்க வேண்டும்.

ஒரு விடுதியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். இரண்டு டன் யூனிட் ஒன்று பகலில் நின்றுவிட்டது. விசிறி சுற்றுகிறது, குளிர் வரவில்லை. முதலில் வந்த இளைஞர் மீட்டரை வைத்துப் பார்த்து, "கம்ப்ரசர் போச்சு சார், வைண்டிங் ஓபன்" என்று தீர்ப்பளித்துவிட்டுப் போயிருந்தார். அடுத்து வந்தவர் வயதானவர். பவரை நிறுத்தி, கூட்டின்மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தார், சுரீரென்று ஆவியாயிற்று. கேபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டு, கம்ப்ரசரின் காமன், ரன், ஸ்டார்ட் என்ற மூன்று முனைகளையும் அளந்தார். காமனிலிருந்து மற்ற இரண்டுக்கும் மீட்டர் ஒன்றும் காட்டவில்லை. ஆனால் ரன்னுக்கும் ஸ்டார்ட்டுக்கும் இடையில் மூன்று ஓம் இருந்தது. "வைண்டிங் நல்லாத்தான் இருக்குதுங்க. உள்ளே ஓவர்லோடு கட் ஆயிருக்கு. ஆறட்டும்" என்றார். சுருள்கள் இரண்டும் முழுசாக இருப்பதனால்தான் அந்த மூன்று ஓம். காமன் முனையில் காவலிருக்கும் சின்னஞ்சிறு உலோகத் தகடு, மிதமிஞ்சிய சூட்டில் வளைந்து இணைப்பைத் துண்டித்திருக்கிறது, ஆறினால் தானே சேரும். முன்னவர் மூன்றாவது ஜோடியை அளக்கவில்லை. விலையுயர்ந்த ஒரு யந்திரத்தின் ஆயுள் அந்த ஒற்றை அளவில் தொங்கிக்கொண்டிருந்தது!

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். மறுபடி அளந்தபோது காமனிலிருந்து ஒன்று, இரண்டு, கூட்டினால் மூன்று. அற்பக் கணக்குத்தான், ஆனாலும் சுருதி சேர்ந்ததைக் கேட்ட சந்தோஷம் எனக்கு. யந்திரத்தை ஓடவிட்டுக் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 13 ஆம்பியருக்கு ஏறி, மேலும் ஏறப் பார்த்தது. அப்போதுதான் அவர் நிமிர்ந்து சுற்றுமுற்றும் நோக்கினார். குழாயின் கறுப்பு இன்சுலேஷனைக் குரங்குகள் பிய்த்தெறிகின்றன என்பதற்காக, உரிமையாளர் அவுட்டோர் யூனிட்டைச் சுற்றித் தகரம் அடித்து வைத்திருந்தார். வெளியேற வேண்டிய அனல்காற்று தகரத்தில் மோதித் திரும்பிக் காயிலுக்குள்ளேயே மீண்டும் நுழைந்துகொண்டிருந்தது. முன்தகரத்தைக் கழற்றினார், சாலைப் புழுதி அப்பியிருந்த காயிலைக் கழுவினார், ஆம்பியர் பத்துக்கு இறங்கிற்று. அந்த அளவையும் தேதியையும் மார்க்கரால் மூடியின் உட்புறம் எழுதி வைத்தார், அடுத்து வருகிறவருக்கு உதவுமென்று. தகரத்துக்குப் பதில் கம்பிவலை போடச் சொன்னார். காப்பாற்றப் போய்க் கொல்வதென்பது யந்திர விஷயத்திலும் உண்டு.

பெரிய யூனிட்களில் இந்தக் காவல் இன்னும் சூக்ஷ்மமானது. அசையாத ஒரு சுருளைத் தழுவி இன்னொரு சுருள் வட்டமிடும் ஸ்க்ரோல் கம்ப்ரசரை லியோன் க்ரூ என்ற பிரெஞ்சுக்காரர் 1905-லேயே பேடண்ட் செய்துவிட்டார்; ஆனால் அத்தனை நுட்பமாக உலோகத்தைக் கடைய முடியாமல், 1980-களில்தான் அது ஏ.சி.க்குள் வந்தது. பௌர்ணமிக் கூட்டத்தில் கரண்ட் போய், ஜெனரேட்டர் இணைப்பில் பேஸ் மாறிவிட்டால் இது தலைகீழாகச் சுழலும். கடகடவென்று சத்தம், கேஜ் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அழுத்தம், குளிர் மட்டும் இல்லை. தெரியாதவர் "கேஸ் இல்லை" என்பார். தெரிந்தவர் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டு, ஒரு பேஸ் ரிலேயும் வைத்துவிட்டுப் போவார். மூன்று பேஸ்களிடையே வோல்டேஜ் மூன்று சதவீதம் பிசகினாலே மோட்டாரின் சூடு ஏறத்தாழ பதினெட்டு சதவீதம் கூடும். கரண்ட் வந்ததும் மூன்று நிமிஷம் தாமதித்துக் கிளம்பச் செய்யும் டைமரைப் பொறுமையில்லாமல் பைபாஸ் செய்கிறவர்களை என்னால் மன்னிக்க முடிவதில்லை; அழுத்தம் சமனாவதற்குள் கிளப்பினால் மோட்டார் சுழல மாட்டாமல் ஐந்தாறு மடங்கு கரண்டை இழுக்கும். கார்த்திகை தீபத்துக்குப் பின் குளிர்காலம் முழுதும் மெயினை அணைத்துச் சிக்கனம் பார்ப்பவர்கள், கம்ப்ரசரின் அடியில் ஆயிலைச் சூடாக வைத்திருக்கும் ஹீட்டரையும் சேர்த்தே அணைக்கிறார்கள். கேஸ் மெல்ல வந்து ஆயிலில் கரைந்து கிடக்கிறது. முதல் வெயில் நாளில் ஸ்விட்சைப் போட்டதும் ஆயில் நுரைத்துப் பொங்க, பேரிங்குகள் வறண்டு தேய்கின்றன. ஒரு நாள் முன்னதாக மெயினைப் போட்டு வைத்தால் போதும்.

மெய்யாகவே எரிந்துபோன கம்ப்ரசரை மாற்றுவதிலும் தராதரம் உண்டு. குழாயில் தங்கிய அமிலத்தைக் கழுவாமல், ட்ரையரை மாற்றாமல், வேக்குவம் சரியாகப் பிடிக்காமல் புதியதைப் பூட்டினால், பழையதைக் கொன்றதே புதியதையும் கொல்லும்.

ஆனால் உலகம் கூலி கொடுக்கும் முறை விசித்திரமானது. புதுக் கம்ப்ரசர் மாட்டினவருக்குக் கேள்வியில்லாமல் பணம் கிடைக்கிறது, லாபமும் கிடைக்கிறது. அன்று மாடியில் அந்தப் பெரியவர் கேட்டது அதில் ஒரு சிறு பகுதிதான்; அதற்கும் விடுதிக்காரர், "தகரத்தைக் கழட்டினதுக்கா இவ்வளவு?" என்று நெடுநேரம் பேரம் பேசினார். பெரியவர் பதில் சொல்லாமல் கொடுத்ததை வாங்கிக்கொண்டார், கழற்றிய தகரத்தையும் பழைய இரும்புக்குப் போடலாமென்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.