லண்டன் விலையும் கம்பத்து நகைக்கடனும்

கம்பத்துத் திராட்சை விவசாயி ஒருவர் பந்தல் செலவுக்காக வீட்டுப் பவுனை எடுத்துக்கொண்டு கூட்டுறவு வங்கிக்குப் போகிறார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் தேய்த்து, எடை போட்டு, கிராமுக்கு இவ்வளவு என்கிறார். அந்தத் தொகையை அவர் தீர்மானிக்கவில்லை. லண்டனில் டாலரில் வைக்கப்படும் தங்க விலை, டாலருக்கு எதிரான ரூபாயின் மதிப்பு, டெல்லி போடும் இறக்குமதி வரி, நகை மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்ற ரிசர்வ் வங்கியின் வரம்பு, இவ்வளவும் சேர்ந்துதான் அந்த எண். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, கடன் பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கலாம் என்று கோடி காட்டினார். ஆகஸ்டுக்குள் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. தங்க இறக்குமதியை மட்டுப்படுத்த மத்திய அரசு வரியைப் படிப்படியாக 10 சதவீதமாக்கியது. வாஷிங்டனில் பேசிய பேச்சு சில மாதங்களில் கம்பத்து நகைக்கடை விலைப்பலகைக்கு வந்துவிட்டது.

இப்படிப்பட்ட சங்கிலிகளைப் பின்தொடர்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட, சர்வதேச அரசியல் பொருளாதாரம் என்ற ஒரு கல்வித்துறை இருக்கிறது. பத்திரிகையாளராக இருந்து பேராசிரியரான சூசன் ஸ்ட்ரேஞ்ச் அதன் முன்னோடிகளில் ஒருவர். பொருளாதார அறிஞர்களும் சர்வதேச அரசியல் அறிஞர்களும் ஒருவரையொருவர் கண்டுகொள்வதே இல்லை என்று 1970-இல் ஒரு கட்டுரையில் குற்றம் சாட்டினார். 1986-இல் ‘கேசினோ கேப்பிடலிசம்’ நூலை எழுதினார். பணச் சந்தையை மழை வெயில் போல இயற்கையின் செயலாகப் பேசாமல், யார் முடிவெடுத்தார்கள், எதை முடிவெடுக்காமல் விட்டார்கள் என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர். துறையின் பலம் அந்தக் கேள்விதான், அது சின்ன விஷயமல்ல. ரூபாய் சரிந்தால் நம் ஊர் டீக்கடையில் ஆளும் கட்சியைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடும். பெர்னான்கி வரை போக ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது.

ஆனால் துறை அந்தச் சங்கிலியை மத்திய வங்கியோடு நிறுத்திக்கொள்கிறது. அதே 2013-இல், அமெரிக்கா அசைந்தால் உலகின் மூலதனமே அசைகிறது, மாற்று விகிதத்தை மிதக்கவிட்டால் மட்டும் தப்பிக்க முடியாது என்று பொருளாதார அறிஞர் எலேன் ரே வாதிட்டார். அருமையான வாதம். அதற்குக் கீழே என்ன நடக்கிறது? பவுன் விலை ஏறினால் கூடுதல் கடன், இறங்கினால் திருப்ப முடியாதவரின் நகை ஏலத்துக்கு. 2021 தேர்தலில் தி.மு.க. கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடனைத் தள்ளுபடி செய்வதாக வாக்களித்தது. ஆட்சிக்கு வந்து, நிபந்தனைகளோடு செய்தது. இதுவும் உலக நிதியின் அரசியல்தான். டாலர் விலையில் ஊசலாடும் ஒரு கடனுக்கு மாநில அரசு ஈடு நின்றது. ஆனால் இத்துறை ஆய்விதழ்களின் கண்ணில் இது வெறும் தேர்தல் இலவசம்.

கீழிருந்து பார்த்தவர்கள் இல்லாமலில்லை. பார்பரா ஹாரிஸ்-வைட் வட ஆர்க்காட்டுச் சந்தைகளில் பல பத்தாண்டுகள் செலவிட்டார். இசபெல் கெரன், சந்தோஷ் குமார், ஜி. வெங்கடசுப்பிரமணியன் மூவரும் தமிழ்நாட்டுப் பெண்களின் கடன் வாழ்வை வைத்து 2023-இல் நூல் வெளியிட்டார்கள். இவற்றையெல்லாம் வளர்ச்சி ஆய்வு, மானுடவியல் என்று வேறு அலமாரியில் அடுக்கிவிடுவார்கள். பதவி உயர்வு அலமாரியைப் பார்த்துத்தான் வருகிறது. 1997 ஆசிய நெருக்கடி, 2008 அமெரிக்கா, அப்புறம் கிரேக்கம் என்று பெரிய விபத்துகளைத் தேடிப் போகிறவருக்குப் பெயர் கிடைக்கும். கம்பத்துக்கு அருகிலுள்ள போடியில் ஏல விவசாயிகள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த பிள்ளை ஏலக்காய் வணிகத்தை உலக நிதியோடு சேர்த்து ஆராயப் புறப்பட்டால், எந்தத் துறையில் விண்ணப்பிப்பது என்பதிலேயே தடுமாற வேண்டியிருக்கும்.

துறைக்கு இன்னொரு நோயும் உண்டு: எதைப் பார்த்தாலும் வால் ஸ்ட்ரீட்டின் கை தெரியும். 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தைய ஆண்டு வெள்ளமும், பின்னால் வந்த வறட்சியும் காய்ப்பைக் கெடுத்ததே முக்கியக் காரணம். சில ஆண்டுகளில் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. இங்கே மூலதனச் சதியைத் தேடுகிறவர், மழையையும், எட்டு மில்லிமீட்டர் பச்சைக் காயையும் சில்லுக் காயையும் சல்லடையில் பிரிக்கிற கூலிக்காரரையும் தவறவிடுவார்.

இந்தத் துறை வந்தே தீர வேண்டிய இடமும் ஒன்று இருக்கிறது, கம்பம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணை. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது ஊர்ப் பேச்சு. அதற்குச் சான்று இல்லை என்பது ஆய்வாளர் பேச்சு. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது, நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் பணக் கதை அதைவிடச் சுவையானது. திருவிதாங்கூர் சமஸ்தானம் ஆங்கில அரசோடு செய்த 1886 குத்தகை ஒப்பந்தப்படி 8,000 ஏக்கருக்கு, ஏக்கருக்கு 5 ரூபாய், ஆண்டுக்கு 40,000 ரூபாய், 999 ஆண்டுகளுக்கு. அந்தத் தொகையைத் திருவிதாங்கூர் ஆங்கில அரசுக்குக் கட்டும் கப்பத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்போது ரூபாய் வெள்ளி நாணயம். வெள்ளி உலகச் சந்தையில் சரிந்துகொண்டிருந்தது. அணை எழும்பிக்கொண்டிருந்த 1893-இல், மக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக்கித் தருவதை இந்திய அரசு நிறுத்தியது. சரிகிற நாணயத்தில், உயர்த்த வழியில்லாத வாடகையை ஆயிரம் ஆண்டுக்கு ஒரு சமஸ்தானம் ஏற்றிருக்கிறது. 1970-இல் துணை ஒப்பந்தம் போட்டுத்தான் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக்கினார்கள். 84 ஆண்டில் ஆறு மடங்கு. பவுன் விலை அதைத் தாண்டியே ஏறியிருந்தது.

இத்தாலியப் பொருளாதார அறிஞர் மார்செல்லோ தெ செக்கோ, இந்தியாவின் ஏற்றுமதி வருவாய் லண்டனின் தங்கத் திட்டத்தைத் தாங்கி நின்ற விதத்தை 1970-களில் எழுதிக் காட்டினார். அந்த வெளிச்சத்தில் 1886 ஒப்பந்தத்தை வாசித்தால், தமிழ்நாடு, கேரளம் என்ற இரு மாநிலச் சண்டையாக மட்டுமே நாம் பேசிவரும் விஷயத்துக்கு லண்டன் என்ற மூன்றாவது தரப்பு ஒன்று தெரியவரும். அதற்கான ஆவணங்கள் எழும்பூரிலும் திருவனந்தபுரத்திலும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலுமாகத் தேட வேண்டியவை. லண்டன் ஆய்வாளருக்குத் தமிழும் மலையாளமும் வராது. உத்தமபாளையத்து மாணவர் எழும்பூருக்கு ராத்திரி பஸ் ஏறிவிடுவார்; லண்டனுக்கு விசாவும் உதவித்தொகையும் வேண்டும்.