அபெர் அரசமனை இருந்த இடம்: சான்றுகள் பற்றிய ஒரு மதிப்பீடு

வட வேல்சின் கடற்கரையோரத்தே மலையடிவாரத்தில் அமைந்த சிற்றூர் அபெர். குவினெத் நாட்டு இளவரசரின் மனைகளுள் ஒன்று இவ்வூரில் இருந்தமை ஐயத்துக்கு அப்பாற்பட்டது. பெரிய லுவெலினின் மனைவி யோன் 1237இலும், மகன் தாவித் 1246இலும் இங்கேயே இறந்தனர். ஆயின் அம்மனை ஊரின் எப்பகுதியில் நின்றது என்பதில் ஆய்வாளர் இரு திறத்தினராவர்.

ஒரு சாரார் மேட்டில் உள்ள பென்-இ-பிரின் வீட்டைச் சுட்டுவர். அவர்தம் முதன்மைச் சான்று ஒரு பெயரே. 1282ஆம் ஆண்டு, தன் நாட்டைக் கையளித்தால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 1000 பவுண் வருவாயுள்ள நிலம் கிடைக்கும் என்ற வாக்குறுதியைப் பேராயர் பெக்காம் வாயிலாகப் பெற்ற லுவெலின் (முன்னவரின் பேரன்) அதனை மறுத்தான். நவம்பர் 11இல் வரையப்பட்ட அம்மறுமொழி, தான் எழுதப்பட்ட இடம் கார்த் கெலின் என்கிறது. பென்-இ-பிரினே கார்த் கெலின் என்பது இவர் துணிபு. 'கார்த்' என்னுஞ் சொல் மலைமுகட்டையும் குறிக்குமாதலின் இக்கருத்துப் புறக்கணிக்கத்தக்கதன்று. எனினும் முகட்டின் பெயர் ஒரு பரப்பைச் சுட்டுமேயன்றி ஒரு சுவரைச் சுட்டாது. அவ்வீட்டின் இன்றைய உருவமும் பெரும்பாலும் இளவரசர் காலத்துக்குப் பிற்பட்டதே.

மறுசாரார் பள்ளத்தாக்கிலுள்ள 'மூட்' என்னும் மண்மேட்டின் அயலைக் கொள்வர். 16ஆம் நூற்றாண்டில் யோன் லேலண்ட், தேவாலயத்தின் அருகே இளவரசர் மாளிகையின் ஒரு பகுதி எஞ்சி நின்றதாகக் குறித்தார். 1993இல் நிகழ்ந்த அகழ்வு, பக்க அறைகளையுடைய இடைக்கால மண்டபமொன்றின் அடித்தளத்தை அங்கு வெளிப்படுத்திற்று. அதனை இன்னார் கட்டினார் எனக் கூறும் எழுத்துச் சான்று அங்குக் கிடைத்திலது. ஆயினும் பயணியின் குறிப்பும் மண்ணின் சான்றும் ஒன்றையொன்று தாங்குவதால் இக்கொள்கையே வலிமையுடையது எனலாம்.

இவ்விவாதத்தின் அடிப்படைக் குறை ஒன்று ஈண்டுச் சுட்டற்குரியது. அபெரின் அரசமனை எங்கிருந்தது என்பது ஒரு வினா. லுவெலினின் கடிதம் எங்கு எழுதப்பட்டது என்பது பிறிதொரு வினா. போர்க்காலத்து இளவரசன் தன் மனையிலிருந்தே எழுதினான் என்பது எடுகோளேயன்றி முடிவன்று. இரண்டையும் ஒன்றாக்கியதனாலேயே, ஒன்றன் சான்று மற்றொன்றுக்கும் சான்றாகக் காட்டப்படுகிறது.

இம்மயக்கத்தின் காரணம் விளங்கற்கரியதன்று. கடிதம் எழுதி ஒரு மாதத்தில், டிசம்பர் 11இல், லுவெலின் கொல்லப்பட்டான்; நாட்டின் தன்னாட்சியும் விரைவில் முடிந்தது. அவ்விறுதி மறுப்பு ஒலித்த கூடத்தைக் கண்ணாற் காண வேல்சு மக்கள் விழைவது இயல்பே. அவ்விழைவு தேடலுக்குத் தூண்டுதல் ஆகலாம். தீர்ப்புக்குச் சான்று ஆகாது.