வாண்டுமாமாவை நாம் எங்கே வைத்தோம்?

மலர்க் குழுவினர் வழக்கம்போல் சமண இலக்கியம் பற்றித்தான் என்னிடம் கேட்டார்கள். இந்த முறை மன்னிக்க வேண்டும். வேறொரு பாக்கி என் கணக்கில் நெடுநாளாய் நிற்கிறது. அதைத் தீர்த்துவிடலாம் என்று எழுதுகிறேன்.

போன கோடை விடுமுறைக்குக் காந்தலூர் வந்த பேரன், பூண்டு மூட்டைமேல் உட்கார்ந்து ஒரு ஜப்பானிய விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். தந்தையைத் தேடி ஒரு தீவுக்குப் போகும் சிறுமியின் கதை. சுடுவதும் வெட்டுவதும் முக்கியமில்லை. புதிரை அவிழ்த்தால்தான் அடுத்த கதவு திறக்கும். எழுதியவர் ரிக்கா சுசுகி என்ற அம்மையார். 1980களிலிருந்தே துப்பறியும் விளையாட்டுகளுக்குக் கதை எழுதியவராம். தீவுக் கதை 2005-ல் வந்தது. அவருடைய நிறுவனம் 2010-ல் நொடித்துப்போனது. 2024-ல் அந்தக் கதை புது வடிவில் மறுபடி வந்தது. "விளையாட்டு தெரியும் தாத்தா, எழுதினவங்க பேரு யாருக்கும் தெரியாது" என்றான் பையன்.

எனக்குச் சுருக்கென்றது. "நம்மகிட்டயும் அப்படி ஒருத்தர் இருந்தாருடா" என்றேன்.

வி. கிருஷ்ணமூர்த்தி என்றால் யாருக்கும் தெரியாது. வாண்டுமாமா என்றால் ஐம்பது தாண்டியவர்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். 1925-ல் புதுக்கோட்டைச் சீமை அரிமளத்தில் பிறந்தவர். பெரியவர்களுக்குக் கௌசிகன் என்ற பெயரில் எழுதினார். வாண்டுமாமா என்ற பெயரை வைத்தவர் ஓவியர் மாலி. கல்கியில் நெடுங்காலம், 1972-ல் தொடங்கிய கோகுலத்தின் ஆரம்ப நாட்களில் அதன் பொறுப்பு, 1984-க்குப் பின் பூந்தளிர் ஆசிரியர் என்று உழைத்தவர். நூற்றுக்கும் மேற்பட்ட நூல்கள். 'ஓநாய்க்கோட்டை' போன்ற சாகசக் கதைகள், 'பலே பாலு' போன்ற சித்திரக்கதைகள், பிள்ளைகளுக்கான அறிவியல் நூல்கள். தன் வரலாற்றுக்கு அவர் வைத்த பெயர் 'எதிர்நீச்சல்'. அந்த ஒரு சொல்லிலேயே அவர் பட்டபாடு தெரிகிறது.

அவருடைய திறமைக்குச் சின்ன உதாரணம் ஒன்று சொல்கிறேன். பூந்தளிரில் டிங்கிள் இதழின் சித்திரக்கதைகள் தமிழில் வந்தன. 'ஷிகாரி ஷம்பு' அங்கே 'வேட்டைக்கார வேம்பு' ஆனார். பொருளும் தப்பவில்லை, எதுகைபோல் அந்த 'ம்பு' ஓசையும் போகவில்லை, ஆளும் நம்ம ஊர்க்காரராகிவிட்டார். காலியா என்ற காகம் 'காக்கை காளி'. மொழிபெயர்ப்பு என்றே தோன்றாது. பத்து வயதுப் பிள்ளையின் நாக்குக்குத் தமிழ் எப்படி ருசிக்கும் என்று தெரிந்த ஆசிரியரின் கை அது.

குறையே இல்லையா என்றால், உண்டு. நான் படித்தவற்றில் சாகசம் செய்பவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். சில கதைகளில் அயல்நாட்டு வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். அறிவியல் நூல்களில் சில இடங்கள் தகவல் மூட்டையாகிவிடும். ஆனால் வாசிக்கும் பிள்ளையை அவர் மக்கு என்று நினைத்ததில்லை. முடிச்சைப் போட்டுவிட்டு, அடுத்த இதழ் வரை பிள்ளையே யோசிக்கட்டும் என்று விட்டுவிடுவார். ஜப்பானிய அம்மையார் கருவியில் செய்ததை இவர் காகிதத்தில் செய்தார்.

அப்படியானால் ஏன் மறந்தோம்? சிறுவர் இலக்கியத்தை நாம் இலக்கியக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சாகசக் கதை என்றால் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம். சித்திரக்கதையில் படம் கண்ணில் நிற்கும், எழுதியவர் பெயர் நிற்காது. மாமா என்று செல்லமாக அழைத்தவரை ஆசிரியர் என்று மதிக்க நமக்குத் தோன்றவில்லை. சிறுவர் இலக்கியத்துக்கென்றே சாகித்திய அகாதெமி 2010-ல் ஒரு விருது தொடங்கியது. 2014 ஜூனில் அவர் மறையும்வரை அது அவர் வாசலுக்கு வரவில்லை. விருது பெற்றவர்களைக் குறை சொல்லவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறை அவர் கையைப் பிடித்து எழுத்துக்குள் வந்தார்கள் என்பதை ஊரறியச் சொல்லவாவது ஒரு சந்தர்ப்பம் இருந்ததே என்ற ஆதங்கம்தான்.

நானே அப்படி வந்தவன். வந்தவாசிப் பக்கம் கிராமம். பள்ளிப்படிப்போடு யாவாரத்துக்கு வந்துவிட்டேன். பின்னாளில் சீவக சிந்தாமணியைத் தட்டுத்தடுமாறிப் படிக்கத் துணிந்தேன் என்றால், சின்ன வயசில் கோகுலம் கொடுத்த வாசிப்புப் பழக்கம்தான் காரணம். ஏணியின் முதல் படியை யாரும் போற்றுவதில்லை. அது இல்லாமல் ஏறியவனும் இல்லை.

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு இது வெறும் பழங்கதை அல்ல. இங்கே நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பேசுவார்கள், வாசிக்க மாட்டார்கள். திருக்குறளைக் கையில் திணித்தால் ஓடிவிடுகிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று துடிக்கவைக்கும் ஒரு கதையைக் கொடுத்துப் பாருங்கள், எழுத்துக்கூட்டியாவது படிப்பார்கள். பேரனுக்குக் கொடுத்தேன். முதல் பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆனது. மூன்றாம் நாள் கடை சாத்தும்போது, "இன்னும் ரெண்டு பக்கம் தாத்தா, விளக்கை அணைக்காதீங்க" என்றான்.

எங்கள் சமண மரபில் சாத்திர தானம் என்று ஒன்று உண்டு. சுவடியைப் படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது பெரும் புண்ணியம். நூல்கள் பல பிழைத்தது அப்படித்தான். சங்கத்தாரிடம் என் வேண்டுகோள் இதுவே: அடுத்த ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் டம்ளர் பரிசு வேண்டாம். வாண்டுமாமா புத்தகம் ஆளுக்கொன்று கொடுங்கள். முதல் இருபத்தைந்து பிரதிக்கு ஆகும் செலவு என் கணக்கில்.