நாட்டுப்புறம் எந்தப் புறம்?

ஒருத்தருக்குப் பாட்டு தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வரன் பார்த்துக் கொடுப்பது மாதிரி. நன்றாக அமைந்தால் நம்மை மறந்துவிடுவார்கள். அமையாவிட்டால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவார்கள். இருந்தாலும் யாராவது கேட்டால் மறுக்க முடிவதில்லை.

ஓசூர் நண்பர் ஒருவர் கேட்டார். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். சிப்காட்டுக்கு வேலைக்கு வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. 'கார்ல போட்டுக்க நாட்டுப்புறப் பாட்டா ஒரு மணி நேரத்துக்கு எடுத்துக் குடுங்க சார். பொண்ணு தினம் பெங்களூர் போய்ட்டு வருது. அத்திப்பள்ளி டிராஃபிக்ல நிக்கிற நேரத்துல கேக்கட்டும். நம்ம பாட்டு எதுவுமே தெரியாமப் போயிடக் கூடாது பாருங்க.'

ஒரு மணி நேரம் என்றால் பன்னிரண்டு பாட்டு. கேசட் காலத்து ஆட்களுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். 'சிக்ஸ்டி' கேசட் வாங்கி ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பக்கத்துக்கு ஆறு. ஏழாவதை நுழைத்தால் பாதியில் அறுந்துவிடும். அதனால் எதை விடுவது என்று யோசித்தே ஆகணும். பென் டிரைவில் ஆயிரம் பாட்டு கொள்ளும், எதையும் விட வேண்டாம். அதனாலேயே எதையும் உட்கார்ந்து கேட்பதும் இல்லை. நான் பன்னிரண்டிலேயே நின்றுகொண்டேன்.

முதலில் சினிமாவைக் கழித்தேன். 1976ல் 'அன்னக்கிளி' வந்து இளையராஜா கிராமத்து மெட்டைத் தமிழ்நாடு முழுக்கக் கேட்க வைத்தார். பெரிய காரியம்தான். ஆனால் அந்தப் பாட்டுகளை அந்தப் பெண்ணுக்கு நான் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. எஃப்.எம். பார்த்துக்கொள்ளும்.

அடுத்து மேடை நாட்டுப்புறம். புஷ்பவனம் குப்புசாமி - அனிதா குப்புசாமி தம்பதி தொலைக்காட்சி வழியாக நடுக்கூடத்துக்கே கொண்டுவந்து சேர்த்த பாட்டுகள். உச்சரிப்பு சுத்தம், குரலில் தெம்பு. ஒன்று எடுத்துக்கொண்டேன். என் புகார் அவர்கள் மேல் இல்லை. அவர்கள் வெற்றிக்குப் பின்னால் வந்த கேசட், சி.டி. பட்டாளத்தின் மேல். கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக்கொண்டு நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் அடித்துத் தள்ளினார்கள். நடவுப் பாட்டுக்கு வேகம் கொடுப்பது குனிந்து நாற்று ஊன்றுகிற இடுப்பு. ஒப்பாரிக்கு வேகம் கொடுப்பது மூச்சு. இரண்டுக்கும் ஒரே தாளம் போட்டால் மிஞ்சுவது தாளம் மட்டும்தான்.

விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் பாடியவற்றில் இரண்டு. அடக்காமல் விட்ட குரல். வயலின் அந்தக் கரையில் நிற்பவளுக்கும் கேட்க வேண்டும் என்று பாடுகிற குரல். 2018ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

கொல்லங்குடி கருப்பாயி கட்டாயம். 'ஆண்பாவம்' (1985) படத்தில் பார்த்திருப்பீர்கள். பின்னணி வாத்தியம் குறையக் குறைய அந்தக் குரல் பெரிதாகும். அயர்லாந்தில் ஜோ ஹீனி என்று ஒரு பாடகர் இருந்தார், 1984ல் இறந்துபோனார். கானமாரா கடற்கரைக்காரர். வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் பாடுவார். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போய் நியூயார்க்கில் அடுக்குமாடிக் கட்டடத்தில் வாசல் காவலாளியாக இருந்தார். பின்னாளில் பல்கலைக்கழகம் அவரையே பாட்டுச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டது. பாஷை புரியாமலே அவரைக் கேட்டுப் பாருங்கள். கருப்பாயிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும்.

இதுவரை வண்டி ஒழுங்காக ஓடியது. அப்புறம்தான் நண்பர் சொன்ன 'நம்ம பாட்டு' குறுக்கே வந்து நின்றது.

நண்பரின் மனைவிக்குச் சொந்த ஊர் கெலமங்கலம் பக்கம். வீட்டில் தெலுங்கு. மாமியார் கோபம் வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் இது அதிசயமே இல்லை. சந்தையில் தமிழில் விலை கேட்டு, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் திட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படியானால் அந்தப் பெண்ணுக்கு 'நம்ம பாட்டு' எது? அப்பாவின் விருதுநகர் கும்மியா, பாட்டியின் தாலாட்டா?

கடையில் இதற்குப் பதில் கிடையாது. சென்னையில் வருகிற நாட்டுப்புறத் தொகுப்பு தமிழோடு முடிந்துவிடும். பெங்களூரில் 'ஜானபத' என்று அட்டை போட்டு வருவது கன்னடத்தோடு முடிந்துவிடும். ஓசூர்ப் பாட்டி இரண்டு அலமாரியிலும் இல்லை. 1956ல் மாநிலங்களைப் பிரித்தபோது வரைபடத்தில் கோடு போட்டார்கள். பாட்டுக்கு அந்தக் கோட்டைப் போட்டது நாம்தான்.

1871லேயே சென்னையில் சார்லஸ் கோவர் என்ற வெள்ளைக்காரர் தென்னிந்திய நாட்டுப் பாடல்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் போட்டார். கன்னடத்துக்குத் தாசர் பதங்கள், தெலுங்குக்கு வேமனா, தமிழுக்குத் திருக்குறளைக்கூடச் சேர்த்திருக்கிறார்! பண்டிதர்கள் சிரிக்கலாம். ஆனால் ஜனங்கள் வாயில் எது இருக்கிறதோ அதுதான் ஜனங்கள் பாட்டு என்று எடுத்துக்கொண்டால் அவர் செய்தது அவ்வளவு கிறுக்குத்தனம் இல்லை. முக்கியமாக, நாலைந்து மொழிகள் ஒரே அட்டைக்குள் இருந்தன.

நானும் அந்தத் தைரியத்தில் ஆறாவது இடத்திலிருந்து மொழியைக் கலந்தேன். ஆறு, ஏழு, எட்டு மூன்றும் தாலாட்டு. தமிழில் ஆராரோ, தெலுங்கில் லாலி, கன்னடத்தில் ஜோகுள. வரிசையாகக் கேளுங்கள். சொல் மாறுகிறது, தொட்டில் ஆடுகிற வேகம் மாறவில்லை.

ஒன்பது, ராகி அரைக்கிற கல்லுப் பாட்டு. கன்னடத்தில் மூன்றடி மூன்றடியாக வரும். எந்திரக்கல்லின் சுற்றுக்கு ஏற்ற அளவு. அம்மா வீட்டு நினைப்பு, மாமியார் கொடுமை, அண்ணன் வருவானா என்கிற எதிர்பார்ப்பு, எல்லாம் விடியற்காலை இருட்டில் மாவோடு சேர்ந்து கொட்டும். மின்சார மாவு மில் வந்தது, கை வலி போனது. பாட்டும் போனது. கையைப் பிடித்து மறுபடி அரை என்று யாரும் சொல்லப்போவதில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் அந்தப் பாட்டு இருந்ததென்று பேத்திக்குத் தெரிய வேண்டாமா?

பத்து, கன்னடத்தில் பசு புண்ணியகோடியின் கதைப் பாட்டு. புலியிடம் மாட்டிக்கொண்ட பசு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போய், சொன்னபடி திரும்பி வருகிறது. வெட்கப்பட்ட புலி உயிரை விடுகிறது. கர்நாடகத்துக் குழந்தைகள் பள்ளிக்கூடத்திலேயே அழுதுகொண்டு கேட்ட பாட்டு. இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப் பாட்டுகளை ஃபிரான்சிஸ் சைல்டு என்ற ஹார்வர்டு பேராசிரியர் 305 என்று எண் போட்டுத் தொகுத்தார். கொலையும் துரோகமும் அதில் ஏராளம். நம் நல்லதங்காளை அங்கே கொண்டுபோய் வைத்தால் அக்கம்பக்கத்தோடு சுலபமாகப் பழகிவிடுவாள்.

பதினொன்று, 'மனுசங்கடா'. இது நாட்டுப்புறப் பாட்டே இல்லை என்று நீங்கள் சண்டைக்கு வரலாம். எழுதியவர் இன்குலாப். பறை முழங்க ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர் கே.ஏ. குணசேகரன். இருவரும் 2016ல் போய்ச் சேர்ந்தார்கள். எழுதியவர் பெயர் தெரிந்தால் நாட்டுப்புறப் பாட்டு ஆகாது என்பது ஒரு கட்சி. அவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். 'டர்ட்டி ஓல்டு டவுன்' என்று ஒரு பாட்டு. டப்ளினர்ஸ் பாடினார்கள், போக்ஸ் பாடினார்கள். பாதி உலகம் அதை ஐரிஷ் நாட்டுப்பாட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் இவான் மெக்கால் 1949ல் இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரத்தைப் பற்றி எழுதியது. ஆலைச்சுவரும் புகையும் கால்வாயும் நிறைந்த அவருடைய சொந்த ஊர். ஜனங்கள் எடுத்துக்கொண்டுவிட்டால் பட்டா அவர்கள் பெயரில்தான்.

நண்பருக்கு நான் சொல்ல நினைத்ததும் இங்கேதான் இருக்கிறது. இங்கிலாந்தில் செசில் ஷார்ப் 1903ல் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டுக் குறித்துக்கொண்டு ஆரம்பித்தார். ஆயிரக்கணக்கில் சேகரித்தார். ஆனால் அவருக்குக் கிராமத்துக் கிழவர்கள்தான் வேண்டும். ஆலைத் தொழிலாளி பாடுவது அவர் கணக்கில் வரவில்லை. அந்த ஓட்டையை அடைக்க, ஏ.எல். லாயிட் 1963ல் 'தி அயர்ன் மியூஸ்' என்று சுரங்கத்துக்காரர்கள், நெசவாலைக்காரர்கள் பாட்டாகவே ஒரு இசைத்தட்டு கொண்டுவந்தார். நாம் இன்னும் ஷார்ப் காலத்திலேயே இருக்கிறோம். நாட்டுப்புறம் என்றால் நமக்கு வயல், வரப்பு, அத்தை மகன். ஓசூரில் 1970களில் சிப்காட் வந்தது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம் எல்லாம் அங்கே செய்கிறார்கள். மூன்று ஷிப்ட். கம்பெனி பஸ்ஸில் ராத்திரி திரும்பும்போது யாரும் எதுவும் முணுமுணுக்காமலா இருந்திருப்பார்கள்? கடைசி சீட்டில் தகரத்தில் தட்டி, சூப்பர்வைசர் பெயரை வைத்து மெட்டுக் கட்டாத கம்பெனி பஸ் எங்கேயாவது உண்டா? அதை யாராவது பதிவு செய்து வைத்திருந்தால் பன்னிரண்டாவது இடம் அதற்குத்தான். நான் தேடிய தொகுப்பு எதிலும் அப்படி ஒன்று அகப்படவில்லை. கல்லுப் பாட்டு மில்லோடு போனது மாதிரி இதுவும் ரோபோ வந்ததும் போய்விடும்.

அதனால் பன்னிரண்டை நண்பருக்கே விட்டுவிட்டேன். 'மாமியாரைப் பாடச் சொல்லுங்க. அப்புறம் உங்க பஸ் சகாக்களை. செல்போன்லயே பதிவு பண்ணுங்க. எது நல்லா இருக்கோ அதைப் போடுங்க' என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் செய்யலாம். ஒரே ஒரு வேண்டுகோள். டாபிக் ரெக்கார்ட்ஸ் கம்பெனி 1998ல் பிரிட்டிஷ், ஐரிஷ் மக்கள் பாட்டுகளை இருபது சி.டி.யாகப் போட்டது. பாட்டுக்குப் பாட்டு பாடியவர் பெயர் இருக்கும். நம் ஊரில் 'பாடியவர்: ஒரு மூதாட்டி' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். பாட்டியின் பெயர், ஊர், தேதி, எந்த வேலை செய்யும்போது பாடியது, மூன்று பாஷையில் எந்தப் பாஷை, இவ்வளவையும் பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும். அப்புறம் பாடச் சொல்லுங்கள். முதலில் மறந்துபோச்சு என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் காத்திருங்கள்.