மை ஊறிய இடம்

எங்கள் வீட்டு அலுமாரியின் இரண்டாவது லாச்சியில் ஓர் இளவரசி இருக்கிறார். டென்மார்க்கில் பிறந்து, 1863இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகனைக் கலியாணம் செய்த அலெக்சாண்ட்ரா. லண்டன் டவுனி ஸ்டூடியோ படம், ஆறரை அங்குல அட்டை. அடியில் அவரே மை தொட்டு எழுதிய பெயர்.

அம்மப்பா சீனன்குடாத் தளத்தில் தச்சுவேலை செய்தவர். 1957இல் பிரித்தானியர் தளத்தை விட்டுப் புறப்பட்டபோது ஓர் அதிகாரியின் வீட்டம்மா கொடுத்துவிட்டுப் போன ஆல்பத்தில் 11 படங்கள். பத்தில் முகம் மட்டும். பதினோராவதில் இந்தக் கையெழுத்து. பள்ளிக்கூட வயதில் அதைப் பார்த்தேன்; அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

படம் மட்டும் என்றால் எவரிடமும் இருக்கும். 1854இல் பாரிசில் டிஸ்டேரி என்பவர் சின்ன அட்டைப் படத்துக்குக் காப்புரிமை எடுத்தார். ஒரே கண்ணாடித் தகட்டில் பல படம், விலையும் மலிவு. 1860இல் விக்டோரியா தன் குடும்பப் படங்களை விற்க மேயால் என்ற படப்பிடிப்பாளருக்கு அனுமதி கொடுத்தார். காசில் மட்டும் கண்ட முகம் சாதாரண வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. அலெக்சாண்ட்ரா குழந்தையை முதுகில் சுமக்கும் டவுனி படம் 3 லட்சம் பிரதி விற்றதாகச் சொல்வார்கள். கையெழுத்தோ ஒரே ஒருவருக்காக எழுதியது. அந்தக் கை இந்த அட்டையில்தான் அழுந்தியிருக்கிறது!

பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். அழுத்திய கோட்டில் பேனா முள் விரிந்து ஓரங்கள் இரண்டும் கறுத்திருக்கும், நடு வெளுத்திருக்கும். கோடு முடியும் இடத்தில் மை ஊறி நிற்கும். கறுப்பாக எழுதிய மை இன்று தேயிலைச் சாயம் போலப் பழுத்திருக்கும். அச்சிட்ட கையெழுத்தில் இந்த ஏற்ற இறக்கம் இராது. ஒருமுறை கொழும்பில் ஒரு கடையில் அச்சுக் கையெழுத்தை அசல் விலைக்கு வாங்கி வந்து இரவு முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்தேன். பிறகு கண்ணாடி இல்லாமல் நான் எந்தக் கடைக்கும் போனதில்லை.

விக்டோரியாவின் கையெழுத்தில் இன்னொரு அதிசயம். முன்பு பெயருக்குப் பின்னால் ‘ஆர்’ மட்டும், அதாவது ராணி. 1876இல் சட்டம் வந்து, 1877 ஜனவரி 1இல் டெல்லியில் இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட பிறகு ‘ஐ’யும் சேர்ந்தது. அந்த ஓரெழுத்தே கையெழுத்துப் போட்ட காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சாம்ராச்சியம் ஓரெழுத்துக்குள்!

எங்கள் கண்டி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கும். வேலூரில் சிறையிருந்து 1832இல் இறந்தார். டாகேரின் புகைப்பட முறை உலகுக்குத் தெரிந்தது 1839இல். ஏழே வருடம்! அவருடைய ஒளிப்படம் ஒன்று கிடைத்திருந்தால் இந்த லாச்சி முழுவதையும் கொடுத்து வாங்கியிருப்பேன்.

சீனன்குடாவின் உப்புக்காற்று இந்தப் படங்களுக்கு எமன். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். ஈரம் பட்டால் பூஞ்சணம், வெயில் பட்டால் மங்கல், போதாததற்கு ராமபாணப் பூச்சி. உங்கள் வீட்டிலும் பழைய ஆல்பம் கிடந்தால் துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யவே வேண்டாம். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு பெட்டியில் மூடி வையுங்கள். அதற்கு முன் ஒவ்வொரு அட்டையையும் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிலர் அங்கேதான் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.