ஊர்ப்பெயர் இல்லாத முகவரி

மும்பையின் மாட்டுங்கா, செம்பூர் வீடுகளிலிருந்து எல்லைக்குப் போகும் பார்சலின் முகவரி எனக்கு மிகவும் பிடிக்கும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு, கீழே '56 ஏ.பி.ஓ.' (ராணுவ அஞ்சலகம்). அவ்வளவுதான். ஊரும் கிடையாது, மாவட்டமும் கிடையாது. 9-இல் தொடங்கும் பின்கோடு ராணுவத் தபாலுக்கே உரியது. 56 என்றால் டெல்லி, 99 என்றால் கொல்கத்தா. அங்குள்ள மைய அஞ்சலகங்களில் பிரித்துத்தான் பனிமலைக்கோ காட்டுக்கோ அனுப்புகிறார்கள்.

அந்த முகவரியைத் தாங்கும் துணி உறை இன்னும் அழகு. உள்ளே நேந்திரங்காய் வறுவல், கறிவேப்பிலைப் பொடி, நன்றாக ஆறவைத்த முறுக்கு, இடுக்கில் பிள்ளை வரைந்த படம். (பாதி நொறுங்கிவிடும் என்று தெரிந்தும் முறுக்கை விடமாட்டார்கள்.) டப்பாவைக் காடாத் துணியில் இழுத்துச் சுற்றி, கோணி ஊசியால் நெருக்கமாகத் தைக்க வேண்டும். மூலையை மடித்துத் தைப்பதில்தான் கை தெரியும்; தளர்ந்தால் வழியில் பிரிந்துவிடும்.

இத்தகைய பார்சல்களை அனுப்பும் வீடுகளை நாடு எப்போதாவதுதான் திரும்பிப் பார்க்கிறது. ராணுவ மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியானில் உயிர்நீத்தார். மறு ஆண்டு குடியரசு நாளில் அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸ் அசோக சக்கரத்தைப் பெற்றதை நாடே பார்த்தது. ஆனால் கணவர் எல்லையில் இருக்கும் வீடுகளின் அன்றாடத்தை யாரும் பார்ப்பதில்லை. பிள்ளையின் காய்ச்சல், பள்ளிக் கட்டணம், மாமியாரின் மருந்து எல்லாம் ஒருத்தி தலையில். அவற்றை முடித்துவிட்டு, இரவில்தான் அவள் ஊசியில் நூல் கோக்கிறாள்.